விடுதிக்காரர் மகன்: தாமஸ் லாரன்ஸின் இளமையும் கடனும்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதி படைத்தவர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளவும் சீட்டாடவும் பெண்களுக்கு வரன் பார்க்கவும் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுகளுக்குப் போனார்கள். லண்டனிலிருந்து குதிரை வண்டியில் கிளம்பினால் வழியில் எங்காவது இரவு தங்கியாக வேண்டும். அப்படித் தங்குகிற ஊர்களில் ஒன்று வில்ட்ஷரில் உள்ள டிவைசஸ். அந்த ஊர்ச் சந்தைத் திடலில் 'பிளாக் பேர்' என்ற பெரிய விடுதியை 1773 முதல் நடத்திவந்தவர் தாமஸ் லாரன்ஸ் என்பவர். வக்கீல் தொழிலுக்குப் படித்து அதை விட்டவர். கலால் துறையில் வேலை பார்த்து அதையும் விட்டவர். பிரிஸ்டலில் ஏற்கெனவே ஒரு விடுதி நடத்திப் பார்த்தவர். கவிதைப் பைத்தியம் உண்டு. பாதிரியார் வீட்டுப் பெண்ணான லூசி ரீட் அவருடைய மனைவி. பிறந்த பதினாறு குழந்தைகளில் பிழைத்து வளர்ந்தவர்கள் ஐவர். அவர்களில் கடைக்குட்டி, 1769 ஏப்ரல் 13 அன்று பிரிஸ்டலில் பிறந்தவன். அவனுக்கும் தாமஸ் என்றே பெயர்.

விடுதியில் வண்டி வந்து நிற்கும். விருந்தினர் கை கால் கழுவி உட்காருவார்கள். சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வருகிற முதலாளி, கூடவே இன்னொன்றையும் கேட்பார்: என் பையன் மில்டன் கவிதை சொல்லட்டுமா, அல்லது உங்கள் முகத்தை வரையட்டுமா? பையனுக்கு அப்போது ஐந்தாறு வயது. சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் பையன் வந்து நின்றதும், மிக அழகான பையன் என்பதால், அந்தச் சுளிப்பு மறைந்துவிடும். புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக் கூட அந்த வழியே போகும்போதெல்லாம் அவனைக் கூப்பிட்டு, புதிதாக என்ன பாடம் பண்ணியிருக்கிறாய் என்று விசாரிப்பாராம்.

பிற்காலத்தில் சர் தாமஸ் லாரன்ஸ் என்று அறியப்பட்டு, ராயல் அகாடமியின் தலைவராகி, நெப்போலியனை வென்ற மன்னர்கள் தளபதிகள் அனைவரையும் வரைந்து, ஐரோப்பாவிலேயே அதிகம் தேடப்பட்ட உருவப்பட ஓவியராக இருந்தவர் இந்தப் பையன்தான். குழந்தை மேதைகளின் வரலாற்றில் இவருடைய கதையை எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணம் உண்டு. மேதைப் பிள்ளையைப் பற்றிய வியப்புக் கதைகள் எங்கும் கிடைக்கும். அந்தப் பிள்ளையின் உழைப்பில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். லாரன்ஸ் விஷயத்தில் கிடைக்கிறது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய ஓவியங்களைப் பார்த்தால் அவற்றின் பளபளப்பும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருவது தெரிகிறது.

முதலில் வியப்புக் கதைகளைப் பார்ப்போம். மிகப் பிரபலமானது கென்யன் தம்பதி கதை. லாயிட் கென்யன் பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியானவர். 1775 வாக்கில் அவரும் மனைவியும் பயணக் களைப்போடு பிளாக் பேர் விடுதியில் இறங்குகிறார்கள். முதலாளி தம் மகனின் பெருமையை ஆரம்பிக்கிறார். இருவருக்கும் எரிச்சல். அந்த நேரத்தில் பையனே ஒரு குச்சியைக் காலிடுக்கில் வைத்துக் குதிரை ஓட்டிக்கொண்டு கூச்சலோடு அறைக்குள் பாய்கிறான். அவனைக் கண்டதும் கென்யனின் மனைவி மனம் இளகி, இந்தப் பெரிய மனிதரை வரைவாயா என்று கேட்கிறார். அச்சு அசலாக வரைவேன் என்கிறான். வரைந்தும் காட்டுகிறான். அம்மையாரை வரைவாயா என்று கென்யன் கேட்டபோது பையன் சொன்ன பதில்தான் இந்தக் கதையின் உயிர். அவர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் வரைவேன், ஏனென்றால் முகம் நேராக இல்லை என்றானாம்.

கதை லாரன்ஸ் இறந்த மறு ஆண்டு, 1831இல், டி. இ. வில்லியம்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலம் பரவியது. நடந்ததற்கும் அச்சேறியதற்கும் இடையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல். எனவே ஒவ்வொரு சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. படங்கள் வரையப்பட்டது உண்மை. குச்சிக் குதிரையைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. காரணம், அந்தக் குதிரையை வேறொரு மேதைப் பிள்ளையும் ஓட்டியிருக்கிறான்.

டேய்ன்ஸ் பாரிங்டன் என்று ஒருவர் இருந்தார். நீதிபதி, பழம்பொருள் ஆர்வலர், பறவைகளைப் பற்றி எழுதியவர். இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் ஒயிட்டின் செல்போர்ன் நூலில் வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இவருக்கு எழுதப்பட்டவை. எதைக் கண்டாலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற துறுதுறுப்பு கொண்ட அக்கால அறிவாளிகளில் ஒருவர். 1765இல் லண்டனுக்கு வந்திருந்த மொஸார்ட் என்ற சிறுவனை நேரில் போய்ச் சோதித்தார். அவன் பார்த்திராத இசைக்குறிப்பை முன்னால் வைத்து வாசிக்கச் சொன்னார். கோபப் பாட்டு ஒன்று, காதல் பாட்டு ஒன்று உடனே கட்டச் சொன்னார். எல்லாம் செய்தான். பாரிங்டனுக்கு வயதில்தான் ஐயம். வளர்ந்த பையனைச் சிறு குழந்தை என்று ஏமாற்றுகிறார்களோ? ஐயத்துக்கு இடமும் இருந்தது. லண்டன் விளம்பரங்களில் தந்தை லியோபோல்ட் மகனின் வயதில் ஓர் ஆண்டைக் குறைத்தே சொல்லிவந்தார். பாரிங்டன் சால்ஸ்பர்க் நகரத்துப் பிறப்புப் பதிவேட்டின் நகலையே வரவழைத்தார். ராயல் சொசைட்டிக்கு அவர் அனுப்பிய அறிக்கையில், அவன் குழந்தைதான் என்பதற்கு வேறு இரண்டு சான்றுகளும் உண்டு. வாசித்துக்கொண்டிருக்கும்போது பூனை உள்ளே வந்தது, இசைப்பெட்டியை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடிவிட்டான். சில சமயம் குச்சியைக் காலிடுக்கில் வைத்துக் குதிரை ஓட்டினான்.

அறிவியல் சங்கத்துக்குப் போன அறிக்கையில் குச்சிக் குதிரைக்கு என்ன வேலை? மேதைப் பிள்ளை என்ற சரக்கு விலைபோக வேண்டுமானால் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். பெரியவனைப் போல வாசிக்கவோ வரையவோ வேண்டும். அது முடிந்த உடனே குழந்தையாகவும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஆச்சரியம் போய்விடும். எல்லாப் பையன்களும் குச்சியை ஓட்டுகிறவர்கள்தான், அதனால் டிவைசஸ் பையனும் உண்மையிலேயே ஓட்டியிருக்கலாம். ஆனால் கதை சொன்னவர்கள் அதை மறக்காமல் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

லாரன்ஸைப் பற்றியும் பாரிங்டன் எழுதியிருக்கிறார் என்பது நம் நல்லூழ். 1781இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் மொஸார்ட், வெஸ்லி சகோதரர்கள், வில்லியம் கிராட்ச் ஆகிய இசைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவரும்போது, டிவைசஸ் விடுதிக்காரர் மகனையும் ஒரு குறிப்பாகச் சேர்க்கிறார். பத்தரை வயது, யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் பெரிய ஓவியங்களைப் படியெடுக்கிறான், விவிலியக் காட்சிகளைச் சொந்தமாகவும் அமைத்து வரைகிறான், எதிரில் இருப்பவரை ஏறக்குறைய ஏழு நிமிடத்தில் சாயல் பிசகாமல் வரைந்துவிடுகிறான், மில்டனையும் ஷேக்ஸ்பியரையும் பொருளுணர்ந்து வாசிக்கிறான். லாரன்ஸ் புகழ் பெறுவதற்கு முன்பே, பின்னால் யாராகப் போகிறான் என்று தெரியாமல் எழுதப்பட்ட குறிப்பு இது. அதனாலேயே வில்லியம்ஸின் கதைகளைவிட எடை கூடியது.

அந்த ஏழு நிமிடத்தைக் கவனியுங்கள். ஓவியப் பள்ளியில் ஒரு மாணவன் ஒரு கையை மட்டும் வாரக்கணக்கில் வரைவான். எலும்பு எங்கே, தசை எங்கே என்று படிப்பான். விடுதிக்கு வருகிறவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. குதிரை மாற்றுகிற நேரத்துக்குள் முகம் தாளில் இறங்க வேண்டும். இறங்கிய முகம் அவருக்குப் பிடிக்கவும் வேண்டும். பையனின் கைக்கு வேகம் கற்றுத்தந்தது அந்த அவசரம்தான். கண்ணையும் உதட்டையும் பிடித்துவிட்டால் மீதியைப் பார்க்கிறவரே நிரப்பிக்கொள்வார் என்பதை அவன் பத்து வயதுக்குள் அறிந்துவிட்டான்.

1780 வசந்தத்தில் இன்னொரு சாட்சி வந்தார். ஈவ்லினா நாவலால் அப்போதுதான் புகழ் பெற்றிருந்த ஃபேனி பர்னி, தோழி திருமதி த்ரேலுடன் பாத் நகருக்குப் போகும் வழியில் அதே விடுதியில் தங்கினார். அவருடைய நாட்குறிப்பில் அந்த வீடு உயிரோடு தெரிகிறது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்களின் காதில் பக்கத்து அறையிலிருந்து இசை விழுகிறது. போய்ப் பார்த்தால் விடுதிக்காரரின் பெண்கள். எங்கும் புத்தகங்கள், சுவரெல்லாம் படங்கள். படங்களை வரைந்தது யார் என்று கேட்டதும் பத்து வயது அழகுப் பையனை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். லண்டனுக்குக் கூட்டிப்போனோம், ஓவியர்கள் எல்லோரும் அன்பாக இருந்தார்கள், ரெனால்ட்ஸே இவனைப் போல நம்பிக்கை தரும் மேதையைப் பார்த்ததில்லை என்றார் என்கிறார் தாய். ஃபேனி பர்னி நல்ல நாவலாசிரியர். 'தாய் சொன்னபடி' என்று ஓரிடத்தில் செருகத் தவறவில்லை. சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் அப்போது ராயல் அகாடமியின் தலைவர். அவர் உண்மையில் என்ன சொன்னாரோ, விருந்தினருக்கு அது இப்படித்தான் பரிமாறப்பட்டது.

ஃபேனி பர்னியின் வீட்டிலும் மேதைப் பிள்ளை பேச்சு புதிதல்ல. தந்தை சார்ல்ஸ் பர்னி இசை வரலாற்றாசிரியர். நாரிச் நகரத்துத் தச்சர் ஒருவரின் மகன் வில்லியம் கிராட்ச், மூன்று வயது நிரம்பிச் சில மாதங்களில் லண்டனில் ஆர்கன் வாசித்து மன்னர் மூன்றாம் ஜார்ஜையே வியக்கவைத்தபோது, அவனைப் பற்றி 1779இல் ராயல் சொசைட்டிக்கு அறிக்கை எழுதியவர் அவர்தான். கிராட்சின் தாய் மகனை ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசிக்கவைத்தார். அவன் வளர்ந்து மதிப்புக்குரிய இசைப் பேராசிரியராகவும் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கின் முதல் முதல்வராகவும் ஆனான். ஆனால் மூன்று வயதில் உலகம் எதிர்பார்த்த மொஸார்ட்டாக ஆகவில்லை. அந்தப் பத்தாண்டுகளில் இங்கிலாந்துக்கு மேதைப் பிள்ளைப் பித்து பிடித்திருந்தது. அறிவாளிகளுக்கு ஆய்வுப்பொருள், கனவான்களுக்கு மாலைப் பொழுது, பெற்றோருக்கு வருமானம்.

லாரன்ஸ் வீட்டுக்கு வருமானம் உடனே தேவைப்பட்டது. ஃபேனி பர்னி தங்கிய காலத்திலேயே விடுதி நொடித்துப்போயிருந்தது. விருந்தினரிடம் கவிதை பேசுகிற முதலாளிக்குக் கணக்குப் பார்க்க நேரமில்லை. திவாலான குடும்பம் டிவைசஸை விட்டுக் கிளம்பியது. தந்தை மகனை ஆக்ஸ்ஃபர்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஆயர்களும் பல்கலைக்கழகப் பெரியவர்களும் பையனிடம் முகம் காட்டி உட்கார்ந்தார்கள். வேமவுத் கடற்கரையிலும் சில நாள். கடைசியில் 1780இல் பாத் நகரில் வீடு பிடித்தார்கள். அன்றிலிருந்து பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் தாங்கியது பதினொரு வயதுப் பையனின் கை.

பேஸ்டல் குச்சியில் நீள்வட்ட வடிவச் சிறு உருவப்படம், ஒன்றுக்கு முதலில் ஒரு கினி, பிறகு ஒன்றரை கினி. கினி என்பது இருபத்தொரு ஷில்லிங். வாரத்துக்கு மூன்று நான்கு படங்கள் முடிப்பான். பாத் நகருக்கு வராத பெரிய மனிதர் இல்லை என்பதால் முகங்களுக்குப் பஞ்சமில்லை. டெவன்ஷர் சீமாட்டி ஜார்ஜியானாவும் நடிகை சாரா சிடன்ஸும் அவனிடம் வரைந்துகொண்டார்கள். பள்ளிக்கூடம் என்று அவன் போனது எட்டு வயதுக்கு முன் ஓரிரண்டு ஆண்டுதான். ஓவியத்திலும் முறையான குரு இல்லை. பாத் நகரில் இருந்த வில்லியம் ஹோர் என்ற பேஸ்டல் ஓவியரின் யோசனைகள் கிடைத்தன. அக்கம்பக்கத்து மாளிகைகளின் படக்கூடங்களுக்குப் போய்ப் பழைய ஓவியங்களைப் பார்த்தான். கோர்ஷம் மாளிகையில் ஒரு ரூபன்ஸ் படத்தின் முன் நின்றுகொண்டு, நான் என்றைக்கும் இப்படி வரையப்போவதில்லை என்று அந்தச் சிறுவன் பெருமூச்சு விட்டதாக ஒரு கதை உண்டு. ரஃபேலின் 'உருமாற்றம்' ஓவியத்தைப் பேஸ்டலில் படியெடுத்ததற்கு லண்டன் கலைச் சங்கம் 1784இல் பொன் முலாம் பூசிய வெள்ளி வண்ணத்தட்டும் ஐந்து கினியும் பரிசளித்தது.

இந்தக் கட்டத்தில் இரண்டு சம்பவங்கள். இரண்டும் என் வாதத்துக்கு அடித்தளம் என்பதால் சற்று நிறுத்திச் சொல்கிறேன்.

டெர்பிஷரைச் சேர்ந்த பிரபு ஒருவர் பையனை ரோமுக்கு அனுப்பிப் படிக்கவைக்க ஆயிரம் பவுண்டு தருவதாக முன்வந்தார். அக்கால ஓவியனுக்கு இத்தாலிப் பயணம் இல்லாமல் படிப்பு முடியாது. ரெனால்ட்ஸ் போய்வந்தவர், ஏஞ்சலிக்கா காஃப்மன் போய்வந்தவர். தந்தை லாரன்ஸ் மறுத்துவிட்டார். என் மகனின் திறமைக்கு மேற்கொண்டு பண்படுத்தல் தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணத்தை யாரும் ஊகிக்கலாம். பையன் ரோமில் இருந்தால் பாத் நகரத்து வீட்டு வாடகையை யார் கட்டுவது?

இன்னொன்று பதினாறு பதினேழு வயதில் நடந்தது. பையனுக்கு நாடக ஆசை வந்துவிட்டது. வந்தது வியப்பல்ல, நான்கு வயதிலிருந்து ஆட்களுக்கு முன்னால் நின்று வசனம் சொல்லியே வளர்ந்தவன். மேடைக்குப் போய்விட்டால் ஒன்றரை கினிகள் நின்றுபோகும். தந்தை கலங்கிப்போய் ஜான் பெர்னார்ட் என்ற நடிகரைப் பிடித்தார். பெர்னார்ட் பின்னர் தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். நாடகக் கொட்டகை மேலாளர் பாமரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். பையன் நம்பிக்கையோடு நடித்துக் காட்டினான். நடுவில் ஒரு வரி மறந்தது, தடுமாறினான். மேலாளர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, உனக்கு நடிப்பு வராது, வாய்ப்பில்லை என்றார். பையன் முகம் வாடி ஓவியத்துக்கே திரும்பினான். அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தீர்ப்பு முன்கூட்டியே தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

பெற்றோரைக் கொடியவர்கள் என்று சொல்லவில்லை. லாரன்ஸின் கடிதங்களில் தாய் தந்தையர் மீதான பாசம் உண்மையானது. அக்காலத்தில் நெசவாளி வீட்டுப் பிள்ளை தறியில் உட்கார்ந்தது, உழவர் வீட்டுப் பிள்ளை ஆடு மேய்த்தது. வீட்டுத் தொழிலில் பிள்ளைகள் கைகொடுப்பதை யாரும் குறையாக நினைக்கவில்லை. லாரன்ஸ் வீட்டில் தொழில் என்பதே அந்தப் பிள்ளைதான் என்பதுதான் வேறுபாடு. பிழைப்பு முழுவதும் ஒரு பிள்ளையின் விரலில் நின்றபோது அவனுக்குப் பயிற்சி என்பது இழப்பாகவும், வேறு ஆசை என்பது ஆபத்தாகவும் ஆகிவிட்டன.

1787இல், பதினெட்டு வயதில், லண்டன். ரெனால்ட்ஸின் வீட்டுக்கு அருகிலேயே லெஸ்டர் சதுக்கப் பகுதியில் குடியேறினார் லாரன்ஸ். கிழவர் அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு, பழைய மேதைகளையே பார்த்துக்கொண்டிருக்காதே, இயற்கையைப் பார் என்று சொன்னார். ராயல் அகாடமிப் பள்ளியில் சேர்ந்தார், நீடிக்கவில்லை. அடுத்த மூன்றாண்டுகளில் நடந்தவை நம்ப முடியாத வேகம் கொண்டவை. எண்ணெய் வண்ணத்துக்கு மாறினார். 1789இல் அரசி ஷார்லட்டை வரைய விண்ட்சர் அரண்மனைக்கு அழைப்பு வந்தபோது வயது இருபது. 1790 கண்காட்சியில் அரசியின் படமும் நடிகை எலிசபெத் ஃபேரனின் படமும் இடம்பெற்றன. ஃபேரன் வெண்பட்டு மேலங்கியும் மென்மயிர்க் கையுறையுமாய்ப் பாதி திரும்பிப் பார்க்கிறார், பார்த்தவர்கள் மயங்கிவிட்டார்கள். 1792இல் ரெனால்ட்ஸ் இறந்ததும் மன்னரின் ஓவியர் பதவி இருபத்திரண்டு வயது லாரன்ஸுக்கு வந்தது. 1794இல் அகாடமியின் முழு உறுப்பினர்.

அரசியின் படம் மட்டும் அரண்மனைக்குப் போகவில்லை. அது அரச குடும்பத்துக்குப் பிடிக்காமல் ஓவியரிடமே கடைசிவரை கிடந்தது. இன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவருடைய தொடக்ககாலப் படங்களில் ஆகச் சிறந்தது எதுவென்று கேட்டால் நான் இதையே சொல்வேன். களைத்த, கவலை படிந்த, அழகற்ற ஒரு நடுவயதுப் பெண். கென்யன் மனைவியின் முகம் நேராக இல்லை என்று சொன்ன ஆறு வயதுப் பையன் இந்தப் படத்தில்தான் எட்டிப் பார்க்கிறான். அது விலைபோகவில்லை என்பதையும் லாரன்ஸ் மனத்தில் குறித்துக்கொண்டிருப்பார். பிறகு வந்த நூற்றுக்கணக்கான முகங்களில் பெரும்பாலானவை நேராக்கப்பட்டவை. கண்களில் ஈரப் பளபளப்பு, கன்னத்தில் செம்மை, பின்னால் புயல் வானம். நல்ல முகங்கள்தாம், கொஞ்சம் கூடுதலாக நல்ல முகங்கள்.

உருவப்படம் வயிற்றுப்பாட்டுக்கு, வரலாற்று ஓவியம் புகழுக்கு என்பது அன்றைய கலை உலகின் படிநிலை. லாரன்ஸும் ஏற முயன்றார். எந்த மில்டனைச் சொல்லி விருந்தினரை மகிழ்வித்தாரோ, அதே மில்டனின் காவியத்திலிருந்து சாத்தான் தன் படைகளை அழைக்கும் காட்சியை, நான்கு மீட்டருக்கு மேல் உயரமான துணியில் வரைந்து 1797இல் காட்சிக்கு வைத்தார். தாம் வரைந்தவற்றிலேயே மிகச் சிறந்தது என்று அவர் நம்பிய படம். கேலிதான் கிடைத்தது. சர்க்கரைப் பாகு தீப்பிடித்து எரிய, பைத்தியம் பிடித்த மிட்டாய்க்காரன் அம்மணமாக ஆடுகிறான் என்ற பொருளில் எழுதினார் ஒரு விமர்சகர். கொடூரமான கேலி, ஆனால் படத்தின் முன் நின்றால் ஏன் சொன்னார் என்று விளங்கும். முகத்தில் தீ இருக்கிறது, உடம்பில் எலும்பில்லை. இத்தாலியிலும் உடற்கூறு வகுப்பிலும் கழிந்திருக்க வேண்டிய ஆண்டுகள் ஒன்றரை கினிப் படங்களில் கழிந்ததன் விலை அந்தத் துணியில் தெரிகிறது. தாயும் தந்தையும் அதே ஆண்டில் இறந்தார்கள்.

அவர்கள் இறந்தபின் கடன் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 1810இல் போட்டியாளர் ஹாப்னர் மறைந்தபின் முழுவுருவப் படம் ஒன்றுக்கு 400 கினி வாங்கினார். சூதாட்டம் இல்லை, குதிரைப் பந்தயம் இல்லை, திருமணமே செய்துகொள்ளவில்லை. ஆனாலும் வங்கியாளர் தாமஸ் கூட்ஸிடம் கடன், நண்பரிடம் கடன். அகாடமி அரசியலில் கெட்டிக்காரரான ஜோசப் ஃபாரிங்டன் கணக்குப் புத்தகத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, மாதம் இவ்வளவுதான் செலவு என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்ல வேண்டியிருந்தது. படத்துக்கு ஒப்புக்கொண்டதும் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிவிடுவார். முகத்தை வரைவார். அடுத்தவர் வந்துவிடுவார். இப்படி அரைகுறையாக நின்ற படங்கள் அவர் இறந்தபோது நூற்றுக்கு மேல் இருந்தன. தொடக்கமே தவறாகிவிட்டது, வரவை மீறிச் செலவழித்து வட்டி கட்டியே காலம் போகிறது என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். எனக்கு அதில் வியப்பில்லை. சிறு வயதில் அவர் ஈட்டிய காசு அவர் கையில் தங்கியதில்லை. வந்த கணமே குடும்பச் செலவுக்குப் போய்விடும். பணம் என்பது வரைந்தால் வருவது, வந்தால் போவது. பதினொரு வயதில் படிந்த பழக்கம் அறுபதிலும் அப்படியே இருந்தது.

அவர் வரைந்த குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று பொதுமக்களுக்கு லாரன்ஸ் என்றால் நினைவுக்கு வருவது அந்தப் படங்களே. 'பிங்க்கி' என்று அழைக்கப்படும் சாரா பாரட் மோல்டன், இளஞ்சிவப்பு ரிப்பன் காற்றில் பறக்க மலைமுகட்டில் நிற்கிறாள். 1794இல் வரையப்பட்டவள் அடுத்த ஆண்டே இறந்துபோனாள். 'சிவப்புப் பையன்' என்ற சார்ல்ஸ் லாம்ப்டன் நிலவொளியில் பாறைமேல் சாய்ந்து எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறான். 1825இல் வரைந்த இந்தப் படத்தைத் தேசியக் கலைக்கூடம் 2021இல் 93 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அவனும் பதின்மூன்று வயதில் இறந்தவன். இந்தக் குழந்தைகள் யாரும் எதையும் செய்வதில்லை. காற்று வாங்குகிறார்கள், கனவு காண்கிறார்கள். வேலை இல்லாத குழந்தைப் பருவத்தை இவ்வளவு ஆசையோடு வரைந்தவர், அப்படி ஒன்றை அனுபவிக்காதவர். இதை உளவியலாக நீட்ட விரும்பவில்லை. படத்துக்குக் காசு கொடுத்த பெற்றோர் கேட்டதும் இதைத்தான்.

விடுதியின் மற்றொரு சொத்தும் அவரிடம் இருந்தது: எந்த நிலையில் இருப்பவரோடும் இதமாகப் பேசுகிற பழக்கம். நெப்போலியன் தோற்றபின் இளவரசர், அதாவது பின்னாளைய நான்காம் ஜார்ஜ், வெற்றி பெற்ற தலைவர்கள் அனைவரையும் வரைய 1818இல் லாரன்ஸை அவர்கள் கூடிய ஆக்ன் நகர மாநாட்டுக்கு அனுப்பினார். 1815இலேயே 'சர்' பட்டம் கொடுத்திருந்தார். ஓவியர் வேலை செய்ய மூன்று அறை கொண்ட மரவீடு ஒன்று லண்டனில் செய்து கப்பலில் அனுப்பப்பட்டது. அது உரிய நேரத்தில் வந்து சேரவில்லை, நகர மன்றத்தில் இடம் ஒதுக்கினார்கள். ரஷ்யப் பேரரசர், ஆஸ்திரியப் பேரரசர், பிரஷ்ய மன்னர் முறைவைத்து உட்கார்ந்தார்கள். அங்கிருந்து வியன்னா, பிறகு ரோம். நாற்பத்தொன்பது வயதில், போப் ஏழாம் பயஸை வரையும் பணியோடு, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தந்தை வேண்டாம் என்ற ஊருக்குக் கிளம்பி அடுத்த ஆண்டு போய்ச் சேர்ந்தார் லாரன்ஸ். போப்பின் படம் அவருடைய பிற்காலப் படங்களில் தலையாயது. தளர்ந்த உடலும் தளராத கண்களுமாய் இருக்கும் அந்த முதியவர் முகத்தில் மெழுகு பூசவில்லை. 1820 மார்ச் இறுதியில் லண்டன் திரும்பியபோது, காலமான பெஞ்சமின் வெஸ்டின் இடத்தில் அகாடமியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வரைந்த தலைவர்கள் இன்றும் விண்ட்சரின் வாட்டர்லூ மண்டபத்தில் இருக்கிறார்கள்.

கிடைக்காத பாடத்தை அவர் வேறு வழியில் தேடிக்கொண்டார் என்றுதான் அவருடைய பெருங்கடனின் ஒரு பகுதியை நான் புரிந்துகொள்கிறேன். ரஃபேல், மைக்கலாஞ்சலோ உள்ளிட்ட பழைய மேதைகளின் கோட்டோவியங்களை அவர் வாங்கிக் குவித்தார். இங்கிலாந்தில் தனியொருவரிடம் அதுவரை சேர்ந்த தொகுப்புகளில் அதற்கு இணையில்லை என்று அக்காலத்தவர்கள் கருதினார்கள். ஓர் உருவப்படத்துக்கு முன்பணம் வந்தால் அது ஒரு ரஃபேல் தாளாக மாறிவிடும். தேசியக் கலைக்கூடத்துக்கு வித்தாக ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைனின் 38 ஓவியங்களை அரசு 1824இல் 57,000 பவுண்டுக்கு வாங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆங்கர்ஸ்டைன் அவருடைய நீண்டகால ஆதரவாளர்.

1830 ஜனவரி 7 அன்று ரஸல் சதுக்கத்து வீட்டில் லாரன்ஸ் திடீரென்று இறந்தார். வயது அறுபது. புனித பவுல் பேராலயத்தில் அடக்கம். பனியில் நடந்த அந்த ஊர்வலத்தை நினைவிலிருந்து வரைந்து வைத்திருக்கிறார் டர்னர். கோட்டோவியத் தொகுப்பை, வாங்கச் செலவழித்ததைவிட மிகக் குறைவான 18,000 பவுண்டுக்கு முதலில் மன்னருக்குக் கொடுக்க வேண்டும், அவர் வேண்டாமென்றால் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் பிறருக்கும் என்று உயில் சொன்னது. யாரும் வாங்கவில்லை. வணிகர் சாமுவேல் உட்பர்ன் குறைந்த விலைக்கு எடுத்துப் பகுதி பகுதியாக விற்றார். ரஃபேல், மைக்கலாஞ்சலோ தாள்களில் பெரும்பகுதியை 1846இல் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் பெற்றது. அவை அங்குள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மற்றவை பல நாடுகளுக்குச் சிதறின. வீட்டிலிருந்த எல்லாவற்றையும் விற்றபின் கடன் அடைந்தது, மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதே ஆண்டு பிரிட்டிஷ் இன்ஸ்டிட்யூஷன் அவருடைய ஓவியங்களைத் திரட்டி நினைவுக் கண்காட்சி நடத்தியது. நுழைவுக் கட்டணமாகச் சேர்ந்த பணம் அவருடைய சகோதரிகளின் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது.